யாரால் எடுக்கப்படும்?

வடக்கின் பிரதேச செயலகங்களிலும் திணைக்களங்களிலும் பிரதேச சபைகளிலும் இருந்து மக்களுக்குத் தமிழில் கடிதம் வரையும் உத்தியோகத்தர்களுக்கு,



“தங்களின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்பது இத்தால் அறியத்தரப்படுகிறது.”

இது உங்கள் வசனம். கந்தோருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவரிடம் பழைய கோவையைக் கொடுத்து “இதைப் பார்த்து எழுதும்” என்று சொன்னால், அவர் கையில் முதலில் அகப்படுவதும் இதுதான். காணிக்கும் இதே வசனம். வீட்டுக்கும் இதே வசனம். வாய்க்கால் உடைந்ததற்கும் தெருவிளக்கு எரியாததற்கும் இதே வசனம். எழுதுகிற உங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. வாசிக்கிறவர்களுக்கு அது இன்னும் பழகவில்லை என்பதைச் சொல்லத்தான் பளையிலிருந்து இம்மடல் வருகிறது.

பளையிலும், அதைச் சுற்றியுள்ள இயக்கச்சி, புலோப்பளை, கிளாலி, இத்தாவில், முகமாலை, தம்பகாமம் ஊர்களிலும் உங்கள் கடிதங்களை மக்கள் எறிவதில்லை. சொப்பிங் பையில் சுற்றி, அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்தபோது எல்லாப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள் அவர்கள். அதனால் அரச முத்திரை விழுந்த ஒவ்வொரு தாளுக்கும் அந்த வீடுகளில் மதிப்பு இருக்கிறது. கடிதம் வந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். பிள்ளை வாசித்து முடித்த பிறகு வீட்டில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “சரி, இனி ஆரட்டைப் போய்க் கேக்கிறது?”

உங்கள் வசனத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்த வசனத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அதில் மூன்று செயல்கள் இருக்கின்றன: பரிசீலித்தல், நடவடிக்கை எடுத்தல், அறியத்தருதல். மூன்றுக்கும் ஆள் இல்லை. பரிசீலிப்பவர் காணிக் கிளையா, பிரதேச செயலாளரா, கொழும்பில் இருக்கும் ஓர் ஆணையாளரா என்று தெரியாது. எப்போது என்று தெரியாது. “உரிய” நடவடிக்கை எது என்றும் தெரியாது. மறுப்பதும் உரிய நடவடிக்கைதானே? மூன்றாவது செயலான அறியத்தருதலை உங்கள் கையொப்பமே செய்கிறது. ஆனால் வசனம் அதையும் உங்களிடமிருந்து பிரித்து வைத்துவிடுகிறது.

இலக்கணத்தில் இதற்குச் செயப்பாட்டு வினை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதற்கு மூன்று உறுப்புகள் இருந்தன: செய்யப்பட்ட பொருள், செய்தவர், வினை. “பாடம் ஆசிரியரால் நடத்தப்பட்டது.” அந்த “ஆல்” உருபு கந்தோருக்குள் வரும்போது எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது. இம்மடலின் முறைப்பாடு செயப்பாட்டு வினை மீது அல்ல. உதிர்ந்துபோன அந்த “ஆல்” மீதுதான்.

அது எங்கே உதிர்ந்தது என்று தேடிப்போனால் சுவாரசியமான ஒரு வரலாறு கிடைக்கிறது. “அறிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்” என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அது இலண்டனில் பிறந்த வாசகம். பிரித்தானியக் குடியேற்றநாட்டு அலுவலகத்தின் எழுதுவினைஞர்கள் தங்கள் கடிதங்களை அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் முழுதாக எழுதினார்கள். ஜோசப் சேம்பர்லின் குடியேற்றநாட்டு அமைச்சராக இருந்த 1895 முதல் 1903 வரையான காலத்துக் கடிதங்களை எடுத்துப் பார்த்தால், அமைச்சர் சேம்பர்லினால் பணிக்கப்பட்டு இதை எழுதுகிறேன் என்று பெயரோடு இருக்கும். பணித்தவர் யார், எழுதியவர் யார் என்பது முதல் வரியிலேயே தெளிவு. எழுதுவினைஞர் தானாக முடிவெடுக்கவில்லை, முடிவுக்கு உரியவர் இன்னார் என்று காட்டுவதற்காகவே அந்தச் செயப்பாட்டு வாசகம் பிறந்தது. பொறுப்பை உரிய இடத்தில் வைப்பதற்கான கருவி அது.

காலப்போக்கில் பெயர் போயிற்று. “பணிக்கப்பட்டுள்ளேன்” மட்டும் மிஞ்சியது. கொழும்பிலும் புதுடெல்லியிலும் ஆட்சி மாறிய பிறகும் அந்த அரை வாசகம் ஓய்வு பெறவில்லை. ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு வந்தபோதும் அரைவாசியாகவே வந்தது. இன்று கிளிநொச்சியில் ஒருவர் “பணிக்கப்பட்டுள்ளேன்” என்று எழுதும்போது, பணித்தது யார் என்று வாசிப்பவருக்கும் தெரியாது. பல வேளைகளில் எழுதுபவருக்கும் தெரியாது.

அந்த வாசகத்தைப் பெற்றுப்போட்ட நாடே பிறகு அதைக் களைய முயன்றது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியத் திறைசேரி, ஓய்வு பெற்ற மூத்த அரச அதிகாரியான சேர் ஏர்னஸ்ட் கவர்ஸிடம், அரச ஊழியர்கள் எப்படித் தெளிவாக எழுதுவது என்று ஒரு கைநூல் கேட்டது. அது 1948இல் வெளிவந்தது. 1954இல் விரிவுபெற்ற அந்த நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. 1979இல் அங்கே தெளிவான ஆங்கிலத்துக்கான மக்கள் இயக்கம் ஒன்று தொடங்கி, விளங்காத அரச படிவங்களை நாடாளுமன்றச் சதுக்கத்தில் வைத்தே கிழித்தது. அமெரிக்கா 2010இல் இதற்கென்று சட்டம் போட்டது. நியூசிலாந்தும் 2022இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. விட்டுச் சென்றவர்கள் கைவிட முயலும் ஒன்றை நாம் மட்டும் மரபு என்று காக்க வேண்டுமா?

செய்தவரை மறைக்கும் செயப்பாட்டுக்கு உலகத்தில் மிகப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு வாஷிங்டனில் இருக்கிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் அம்பலமான பிறகு, 1987 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரசில் உரையாற்றிய ஜனாதிபதி ரொனால்ட் ரேகன், பாரதூரமான தவறுகள் இழைக்கப்பட்டன என்றார். இழைத்தது யார் என்று சொல்லவில்லை. அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1876இல், ஜனாதிபதி யுலிசஸ் கிராண்ட் தன் கடைசி ஆண்டறிக்கையில் இதே வாசகத்தைக் கையாண்டிருந்தார். வில்லியம் ஷ்னைடர் என்ற அரசியல் ஆய்வாளர் இந்த வகை வாசகத்துக்கு, குற்றத்திலிருந்து விடுவிக்கும் இறந்தகாலம் என்று பெயரிட்டார். ரேகன் அந்த வசனத்தோடு தப்பவில்லை. மார்ச் 4ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றி, பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று தன்மையில் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் வாசகம் எதிர்காலத்தில் இருக்கிறது: எடுக்கப்படும், வழங்கப்படும், விடுவிக்கப்படும், திருத்தப்படும். ஆள் இல்லாத இறந்தகாலம் நடந்துபோன தவறைத்தான் மறைக்கும். ஆள் இல்லாத எதிர்காலத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

வன்னி இதை நேரில் கண்டிருக்கிறது. காணிகள் விடுவிக்கப்படும் என்ற வாசகத்தைப் போர் முடிந்த நாள் முதல் அறிக்கைகளில் மக்கள் வாசித்தார்கள். முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் விமானப்படை முகாம் வாசலில் போய் அமர்ந்தார்கள். கைக்குழந்தைகளோடு வீதியோரத்தில் படுத்தெழும்பினார்கள். மார்ச் முதலாம் திகதி அவர்களுடைய காணி கிடைத்தது. விடுவிக்கப்படும் என்ற வாசகத்தில் இல்லாத எழுவாயை அந்த மக்களே தேடிக் கண்டுபிடித்து, அதன் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எல்லோராலும் அப்படிப் போய் உட்கார முடியாது. ஒரு மூதாட்டி தன் காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதிக்காகப் போராட்டப் பந்தல் போட வேண்டிய நிலையை நீங்கள் உண்டாக்கக் கூடாது.

2025ஆம் ஆண்டையும் நினைத்துப் பாருங்கள். மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வந்த ஓர் அறிவித்தல், வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்றது. கிளிநொச்சிக் காணிகளும் அதில் இருந்தன. உரிமையாளர்களில் பலர் வெளிநாட்டில். பலருடைய உறுதிகள் போரில் அழிந்துபோயின. சிலர் உயிரோடு இல்லை. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, அரசு அறிவித்தலை மீளப்பெற்றது. அந்த மூன்று மாதங்களில் ஊர்களில் மக்கள் கேட்டதும் இதே கேள்விகளைத்தான்: எங்கே போய் உரிமை கோருவது? எந்தக் கந்தோர்? எந்த உத்தியோகத்தர்? சட்ட வாசகம் சட்ட மொழியில்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதை ஊருக்குக் கொண்டுவந்து ஒட்டும்போது, கீழே இரண்டு வரி சேர்க்க எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

இனி, செயப்பாட்டு வினையைப் பற்றி உங்களுக்கு எதிர்த் திசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே பத்திரிகைகளும் ஆணைக்குழுக்களும் “காணாமல் போனோர்” என்று எழுதிக்கொண்டிருந்தன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்துக்கும் “காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்” என்றுதான் பெயர். உறவுகள் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. தங்கள் பிள்ளைகள் தாங்களாகக் காணாமல் போகவில்லை, கண்முன்னே கையளித்தோம், கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார்கள். “காணாமல் ஆக்கப்பட்டோர்” என்று பதாகையில் எழுதினார்கள். இன்று தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலும் அதுவே வழக்கு.

இதைக் கவனமாகப் பாருங்கள். “போனோர்” செய்வினை. “ஆக்கப்பட்டோர்” செயப்பாட்டு வினை. அந்தத் தாய்மார் செய்வினையை விட்டு வேண்டுமென்றே செயப்பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏனென்றால் “ஆக்கப்பட்டோர்” என்று சொன்ன மறுகணமே “யாரால்?” என்ற கேள்வி எழுந்தே தீரும். அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருக்கத்தான் அவர்களுக்கு அந்த வினை தேவைப்பட்டது.

ஒரே இலக்கணம். கோவில் முன்றலில் அது கேள்வியை எழுப்புகிறது. கந்தோர்க் கடிதத்தில் அது கேள்வியை அடக்குகிறது. இலக்கணத்தில் குற்றம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யாரால் என்று கேட்பதற்கு இடம் வைத்து எழுதுகிறோமா, அந்த இடத்தை மூடி எழுதுகிறோமா என்பதே வேறுபாடு.

தமிழ் இந்த வகை வசனத்துக்கு இயல்பான மொழியும் அல்ல. செயப்பாட்டுக்கென்று திராவிட மொழிகளில் தனி விகுதி கிடையாது என்று கால்டுவெல் 1856இலேயே தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். “படு” என்ற துணைவினையைச் சேர்த்துத்தான் அதை ஆக்க வேண்டும். பேச்சில் அதை நாம் மிக அரிதாகவே சேர்க்கிறோம். “விதானையார் வந்து பார்த்தவர், எழுதிக்கொண்டு போனவர்” என்றுதான் பளையில் ஒருவர் சொல்வார். “கிராம அலுவலரால் பார்வையிடப்பட்டது” என்று எந்த வீட்டு முற்றத்திலும் யாரும் சொல்வதில்லை. வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போனால் நீங்களும் சொல்வதில்லை.

தெளிவாக எழுத உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. “அறியத்தருகின்றேன்” என்பதும் உங்கள் கோவைகளில் இருக்கிற வாசகம்தான். ஈழத்துத் தமிழின் அழகான அரச வழக்கு அது. சிங்களக் கடிதங்களிலும் எழுதுபவர் தன்மையில் நின்று தெரிவிக்கும் முடிப்பு இயல்பாகப் புழங்குகிறது. ஆகவே தன்மையில் எழுதினால் மரியாதை குறையும், அரச தோரணை கெடும் என்ற அச்சத்துக்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இல்லை.

முகமாலையில் ஏ-9 வீதியோரம் நட்டிருந்த பலகைகளை நீங்களும் பஸ்ஸில் இருந்து பார்த்திருப்பீர்கள். சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், மூன்று மொழியிலும் மிதிவெடி என்ற எச்சரிக்கை. நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்று அது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே குனிந்திருந்து மண்ணைத் துழாவின. அந்தப் பலகையை எழுதியவர் வாசகத்தைச் சுற்றி வளைக்கவில்லை. “இப்பிரதேசத்தில் வெடிபொருட்கள் காணப்படக்கூடும் எனக் கருதப்படுவதால் அவதானமாகச் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்” என்று எழுதியிருந்தால் எத்தனை கால்கள் போயிருக்கும்? உயிர் போகும் இடத்தில் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் நேராக எழுதத் தெரிந்திருக்கிறது. காணி போகும் இடத்திலும், ஓய்வூதியம் நிற்கும் இடத்திலும் அதே நேர்மை வேண்டும் என்று பளை மக்கள் கேட்பது மிகையல்ல.

உங்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் முறையாகாது.

கையொப்பமிடுகிறவர் பெரும்பாலும் முடிவெடுத்தவர் அல்ல. முகாமைத்துவ உதவியாளர் வரைகிறார்; கிளைத் தலைவர் திருத்துகிறார்; பிரதேச செயலாளருக்காக இன்னொருவர் கையொப்பம் வைக்கிறார். தீர்மானம் மாகாணத்திலோ கொழும்பிலோ கிடக்கிறது. சுற்றறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து, அவசர மொழிபெயர்ப்பில் உங்கள் மேசைக்கு இறங்குகிறது. நாளைக்குக் கணக்காய்வு வந்து கேட்டால், “செய்வேன்” என்று எழுதியவரைத்தான் பிடிப்பார்கள். “செய்யப்படும்” என்று எழுதியவரைப் பிடிப்பது கடினம். இடமாற்றத்துக்கும் விசாரணைக்கும் பயப்படுவது மனித இயல்பு. இதெல்லாம் மக்களுக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் உங்களோடுதான் வேலை செய்கிறார்கள்.

ஆனால் அந்த வாசகம் உங்களைக் காக்கிறதா? மக்கள் சந்திப்பு நாளில் உங்கள் கந்தோர் வாசலைப் பாருங்கள். விசாரணைப் பிரிவில் இருக்கும் தங்கச்சியிடம்தான் எல்லாரும் கடிதத்தை நீட்டுகிறார்கள். ஏனென்றால் கடிதம் வேறு எவரையும் காட்டவில்லை. கோபம் முழுவதையும் அந்த மேசை வாங்குகிறது. ஒரு தரம் வந்தால் முடிய வேண்டிய காரியத்துக்கு மூன்று, நான்கு தரம் வருகிறார்கள்; ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவர் கோவையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அது உங்கள் நேரம். கிளாலியிலிருந்தோ இயக்கச்சியிலிருந்தோ வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அங்கிருந்து கச்சேரிக்குப் போ என்று அனுப்பினால், கிளிநொச்சிக்குப் போய்வரும் செலவு வேறு.

உங்கள் கந்தோர்ச் சுவரிலேயே இதற்கு விடையும் தொங்குகிறது. பிரஜைகள் சாசனப் பலகையில் இன்ன சேவை, இன்ன உத்தியோகத்தர், இத்தனை நாள் என்று நிரல் போட்டு எழுதியிருக்கிறீர்கள். சுவரில் எழுத முடிந்ததைக் கடிதத்தில் எழுத முடியாதா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தகவல் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். எவரிடம், எவ்வளவு காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். யார், எப்போது, ஏன், அடுத்தது எங்கே என்ற நான்கையும் நாட்டின் சட்டமே ஒரு வகைக் கடிதத்துக்குக் கட்டாயமாக்கிவிட்டது. பளை மக்கள் கேட்பது, அந்த நான்கும் எல்லாக் கடிதத்திலும் இருக்கட்டும் என்பதைத்தான்.

தமிழில் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வருவதற்கு இந்த மண் கொடுத்த விலையையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியபோது பளையும் அந்தக் கச்சேரியின் ஆளுகைக்குள்தான் இருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகமே தமிழில் நடக்க வேண்டும் என்றது. அத்தனை ஆண்டுப் போராட்டம், மக்களுக்கு விளங்கும் மொழியில் அரசு பேச வேண்டும் என்பதற்காகத்தான். எழுத்து மட்டும் தமிழாகி, பொருள் விளங்காமல் நின்றால், கடிதம் பெறுபவருக்கு அந்த உரிமை பாதிதான் கிடைத்திருக்கிறது.

இனி வேண்டுகோள்.

புலோப்பளையில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவருடைய கணவருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்திருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆனையிறவைச் சுற்றி நடந்த போரோடு ஒருமுறை இடம்பெயர்ந்தார். 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி போர் மூண்டபோது இன்னொருமுறை. பத்திரம் போய்விட்டது, கணவரும் இல்லை. மகனுக்குப் பின்னுரித்து எழுத வேண்டும். பிரதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். அவருக்கு இன்று போகிற பதில் இம்மடலின் முதல் வரியில் இருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

“உங்கள் விண்ணப்பம் 12ஆம் திகதி எமக்குக் கிடைத்தது. காணிப் பேரேட்டில் உங்கள் கணவரின் பெயர் இருக்கிறதா என்று எமது காணிக் கிளைப் பொறுப்பு உத்தியோகத்தர் இம்மாத முடிவுக்குள் பார்ப்பார். பெயர் இருந்தால் குடியேற்ற உத்தியோகத்தர் உங்கள் காணிக்கு வருவார். வரும் நாளைக் கிராம அலுவலர் ஊடாக அறிவிப்போம். கணவரின் மரணச் சான்றிதழையும் உங்கள் திருமணப் பதிவையும் எடுத்து வையுங்கள். மாத முடிவுக்குள் எம்மிடமிருந்து பதில் வராவிட்டால், இக்கடிதத்தோடு வந்து உதவிப் பிரதேச செயலாளரைச் சந்தியுங்கள்.”

நீளம் கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தாய் அடுத்த கிழமை உங்கள் வாசலுக்கு வரத் தேவையில்லை. எவருடைய சொந்தப் பெயரும் இதில் இல்லை. பதவிப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இடமாற்றம் வந்தாலும் பதவி அங்கேயே இருக்கும். உங்களால் முடியாத எதையும் வாக்குறுதியாகத் தரவில்லை. தீர்மானம் உங்கள் கையில் இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதலாம்: “இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாகாணக் காணி ஆணையாளருக்கே உண்டு. உங்கள் கோவையை இன்று அவருக்கு அனுப்பினோம். அனுப்பிய கடிதத்தின் இலக்கம் இது.” முடியாது என்றால் முடியாது என்று, காரணத்தோடு எழுதுங்கள். காரணம் தெரிந்த மறுப்பை வைத்து ஒருவர் மேன்முறையீடு செய்யலாம், சட்டத்தரணியைப் பார்க்கலாம், வேறு வழி தேடலாம். “எடுக்கப்படும்” என்ற வாசகத்தை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது.

எல்லா “படு”வையும் கிள்ளி எறியச் சொல்லவில்லை. செய்தவர் தெரியாத இடத்தில், செய்யப்பட்டவருக்கே முதன்மை தர வேண்டிய இடத்தில், சட்டமே எழுவாயாக நிற்கும் இடத்தில் அது இருக்கட்டும். எதிர்காலத்தில் ஒரு செயலைச் சொல்லி, அதைச் செய்பவரைச் சொல்லாமல் விடும் வசனம் மட்டும் உங்கள் கந்தோரிலிருந்து வெளியே போகக் கூடாது.

பிரதேச செயலாளர்களே, திணைக்களத் தலைவர்களே, இது உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ளவர் பயமின்றி எழுத வேண்டுமானால், “பதவியைப் போட்டு எழுதுங்கள், நான் பின்னால் நிற்கிறேன்” என்று மேலே உள்ளவர் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு பக்க உள்ளகச் சுற்றறிக்கை போதும். புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய கோவையைக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, காணி, வீடு, பிறப்பு இறப்புப் பதிவு, ஓய்வூதியம், நட்டஈடு ஆகியவற்றுக்குத் தெளிவான மாதிரிக் கடிதங்களை நீங்களே ஆக்கிக் கொடுங்கள். உங்கள் பகுதியிலுள்ள தமிழ் ஆசிரியர்களையும் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரையும் ஒரு பின்னேரம் கூப்பிட்டு அந்த மாதிரிகளை வாசிக்கக் கொடுங்கள். அவர்களுக்கு விளங்காத வசனத்தை மாற்றிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

கடிதம் வரையும் தம்பி, தங்கச்சிமாரே, சுற்றறிக்கை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளை உங்கள் மேசைக்கு வரும் முதல் கோவையை எடுத்து, “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று கை தானாகப் போகும் இடத்தில் நிறுத்தி, எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் திகதிக்குள், எதைச் செய்வார் என்பதை எழுதுங்கள். அது தெரியாவிட்டால் பக்கத்து மேசையில் கேட்டுவிட்டு எழுதுங்கள். கையொப்பத்தின் கீழ் கிளையின் தொலைபேசி இலக்கத்தைப் போடுங்கள். பச்சிலைப்பள்ளிப் பிரிவில் இது தொடங்கினால் கண்டாவளைக்கும் கரைச்சிக்கும் பூநகரிக்கும் போகும்; மாவட்டம் முழுவதற்கும் போகும். இந்த ஆண்டு முடிவதற்குள் கிளிநொச்சி மாவட்டத்தில் செய்பவர் இல்லாத ஒரு கடிதமும் மக்கள் கைக்கு வரக்கூடாது என்பதே பளை உங்களிடம் வைக்கும் கோரிக்கை. அதற்கான பதிலையும் யார், எப்போது என்று குறிப்பிட்டே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடிதங்களை வாசிப்போர் சார்பில்,
பளை.